நாற்றங்காலிலேயே நோய் எதிர்ப்பைச் சோதிக்க முடியுமா?

கேள்வி: பி.பி.டி. 5204 நெல் பயிரிடுகிறேன். ஐப்பசி மழைக்குப் பின் இலை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. நாற்றின் மரபணுவைச் சோதித்தால் நோய் தாங்குமா என்று முன்பே தெரிந்துவிடுமாமே? என் விதையை எங்கே கொடுத்துச் சோதிக்கலாம்? (விவசாயி, மன்னார்குடி)

பதில்: உங்கள் விதைக்கு அந்தச் சோதனை வேண்டாம். பி.பி.டி. 5204 (சம்பா மசூரி) பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்காது என்பது தெரிந்த செய்தி. அதைக் காசு கொடுத்து இன்னொரு முறை கேட்பானேன்?

முதலில் நோய் அதுதானா என்று பாருங்கள். கருகல் புதிதாகத் தொடங்கிய இலையில், பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல் கலங்கல் இழையாக இறங்கினால் பாக்டீரியாதான். இறங்காவிட்டால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவா என்றும் பார்க்க வேண்டும்.

மரபணுச் சோதனை புதிய ரகம் உருவாக்கும் ஆய்வாளருக்கான சல்லடை. ஐதராபாத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனமும் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, உங்கள் பி.பி.டி.யிலேயே எக்ஸ்ஏ 5, எக்ஸ்ஏ 13, எக்ஸ்ஏ 21 என்ற மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஏற்றின. எக்ஸ்ஏ 21 ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. முதல் இரண்டும் ஒடுங்கு மரபணுக்கள்; தாய், தந்தை இரு வழியிலும் வந்து சேர்ந்தால்தான் எதிர்ப்பு வெளியே தெரியும். ஒரு வழியில் மட்டும் வந்த செடி, வயலில் மற்றச் செடிகளைப் போலவே கருகும். அதைக் கண்ணால் பார்த்துக் கழித்துவிட்டால் உழைப்பு வீண். அதனால்தான் நாற்றின் இலைத் துண்டில் டி.என்.ஏ. எடுத்து, மரபணு இருக்கும் செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைத் திரும்பத் திரும்ப பி.பி.டி.யோடு இனக்கலப்புச் செய்தார்கள். 2008-இல் வந்த 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' அப்படிப் பிறந்தது. சன்ன அரிசி மாறவில்லை. ஒரு மரபணுவைக் கிருமி மீறினாலும் மற்றவை காக்கும் என்பதற்காகவே மூன்று. இது இனக்கலப்பில் வந்த ரகம். மரபணு மாற்றுப் பயிர் அல்ல, வீரிய ஒட்டும் அல்ல. வேறு ரகம் கலக்காமல் பார்த்துக்கொண்டால் சொந்த விதையே எடுத்து வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இந்த மூன்றும் பூஞ்சையால் வரும் குலைநோயைத் தடுக்காது. பி.பி.டி.க்குக் குலைநோய்க்காக நீங்கள் செய்கிற கண்காணிப்பை இதற்கும் விடக்கூடாது.

இந்தப் பருவப் பயிருக்கு: யூரியாவை நிறுத்தி வையுங்கள். நோய் கண்ட வயல் நீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டி, 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள். அடுத்த நடவில் நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் பழக்கத்தை விடுங்கள். கிள்ளிய காயம்தான் கிருமிக்கு வாசல்.

விதை வாங்கும்போது வெறுமனே 'சம்பா மசூரி' என்று கேட்டால் பழைய பி.பி.டி.யைத்தான் கொடுப்பார்கள். மூட்டையில் தைத்திருக்கும் சான்று அட்டையில் ரகத்தின் முழுப் பெயரைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.