பழைய தோல் ஆலை நிலத்தில் மனை வாங்கலாமா?

கேள்வி: வாலாஜாபேட்டை அருகே, இருபது ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட தோல் பதனிடும் ஆலையின் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கிறார்கள். மேலே செம்மண் பரப்பியிருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை விற்பவர் எங்கள் கண்ணெதிரே மீட்டரில் அளந்தார், டி.டி.எஸ். 600 என்று காட்டியது. எங்களுக்கு நான்கு வயது மகள் இருக்கிறாள். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அந்த நிலம் கெட்டுப்போனது என்று நான் சொல்ல வரவில்லை. நல்லதா கெட்டதா என்று காட்டும் எதையும் இதுவரை யாரும் உங்கள் கையில் தரவில்லை. டி.டி.எஸ். மீட்டர் நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகம் குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைப்போலப் பத்து மடங்கு இருந்தாலும் அந்த மீட்டர் அதே 600-ஐத்தான் காட்டும்.

முதலில் அந்த ஆலை எதை வைத்துத் தோல் பதனிட்டது என்று விசாரியுங்கள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் மட்டும் பயன்படுத்திய ஆலை என்றால் கவலை பெரும்பாலும் உப்பும் கழிவுச் சேறும்தான். குரோமியம் பயன்படுத்திய ஆலை என்றால் அடுத்த கேள்வி, அதன் இரண்டு வேதி வடிவங்களில் எந்தக் குரோமியம் என்பது. தோலுக்கு ஏற்றுவது மூன்றிணைதிறன் குரோமியம். அது மண்ணைப் பற்றிக்கொள்ளும், நீரில் எளிதில் ஓடாது, நச்சும் குறைவு. ஆறிணைதிறன் குரோமியம் அப்படியல்ல. நீரில் கரைந்து மஞ்சளாக ஓடும். அதன் தூசியை நீண்டகாலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

உங்கள் பக்கத்தில் இந்த இரண்டாவது வகையை ஒதுக்கிவிட முடியாது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களில் மூடப்பட்டபோது, குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் திறந்தவெளியில் விடப்பட்டது. மழைக்குப் பின் அதன் சுற்றுப்புறத்தில் மஞ்சள் நீர் தேங்கும். அந்தப் பக்கத்திலிருந்து நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது, உங்கள் மனையை நிரவ மண் எங்கிருந்து வந்தது என்ற இரண்டையும் அறியாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நிலத்தை நேரில் பார்க்கும்போது செம்மண்ணைப் பார்க்காதீர்கள். இடிக்காமல் விட்ட பழைய சுவரின் அடியைப் பாருங்கள். குரோமிய உப்பு செங்கல் வழியாக ஈரத்தோடு மேலேறி, வெயிலில் காய்ந்து, எலுமிச்சை மஞ்சளில் மெல்லிய பொருக்காகப் படியும். சாதாரண உப்புப் பொருக்கு வெள்ளையாக இருக்கும். மஞ்சளைப் பார்த்தால் விரலால் தொடாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மஞ்சள் இல்லை என்பதாலேயே நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம். வரம்பைப் பல மடங்கு தாண்டிய பிறகுதான் நீரில் நிறம் கண்ணுக்குத் தெரியும்.

இனி உங்கள் மகளைப் பற்றி. நஞ்சு நிலத்தில் கிடந்தால் மட்டும் நோய் வராது. அது உடம்புக்குள் போக வழி வேண்டும். குடிநீர், தூசி, மண் படிந்த கை என்று இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்கும் என்று வைத்துத்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிடுகிறது. ஒரு சிட்டிகைதான். ஆனால் உடல் எடையோடு ஒப்பிட்டால் அது பெரியவர்களுக்குப் போவதைப்போலப் பத்து மடங்கு. அதனால் நீரை மட்டும் சோதித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். பரப்பிய செம்மண்ணுக்கு அடியில் இருக்கும் பழைய மண்ணைத் தோண்டி எடுங்கள். கடைக்கால் வெட்டும் நாளில் மேலே வரப்போவது அதுதான். நான்கைந்து இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாகக் கொடுங்கள். கலந்தால் ஒரு மூலையில் புதைந்திருக்கும் கழிவு சராசரியில் மறைந்துவிடும். மொத்தக் குரோமியம், ஆறிணைதிறன் குரோமியம் இரண்டையும் கேளுங்கள். ஆர்செனிக்கையும் சேருங்கள், தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு ஆர்செனிக் சல்பைடு கலந்த காலமும் உண்டு.

நீர் மாதிரிக்கு மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஆறிணைதிறன் சோதனைக்கான பாட்டிலில் அமிலம் சேர்க்கக் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, ஒரே நாளுக்குள் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை சோதியுங்கள். நீர்மட்டம் ஏறிப் புதைந்த கழிவைத் தொடும்போது எண்கள் மாறும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீர் வற்ற வற்றக் குரோமியத்தின் செறிவு கூடும்.

காகிதங்கள் பக்கம், வில்லங்கச் சான்றில் பழைய உரிமையாளர் பெயர் கிடைக்கும். அதை வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு, ஆலை மூடிய உத்தரவையும் கழிவு எங்கே போனது என்ற பதிவையும் கேளுங்கள். மனைப்பிரிவு ஒப்புதலை மண்ணுக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு பருவத்திலும் நீர் வரம்புக்குள் இருந்து, அடிமண்ணில் ஆறிணைதிறன் குரோமியம் இல்லை என்று வந்தால் தயங்காமல் வாங்குங்கள். நீர் மட்டும் கெட்டிருந்தால் நகராட்சிக் குடிநீரை வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். குளிப்பதற்கும் செடிக்கும் கிணற்று நீரே வரும் என்பதால், குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மண்ணே கெட்டிருந்தால் விலையைக் குறைத்தாலும் வேண்டாம். மாதிரி எடுக்க நிலத்தைத் தோண்ட அனுமதி வேண்டும் என்று விற்பவரிடம் இந்த வாரமே கேளுங்கள். மறுத்தால் வேறு மனை பாருங்கள்.