நிலத்தை அடமானம் வைத்து வாங்கும் பட்டம் வேண்டாம்

பாலக்கோட்டில் தக்காளி பயிரிடும் ஒரு தந்தை, பிளஸ் டூ முடித்த மகனோடு சென்ற வாரம் என்னிடம் வந்திருந்தார். சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் மைத்துனர் வற்புறுத்துவதால், இரண்டு ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்து, நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். உங்கள் கவலை புரிகிறது ஐயா. ஆனால் அதைச் செய்யாதீர்கள்.

படிப்பு ஏறினால் வீட்டு வருமானமும் ஏறும் என்பது எல்லா ஊருக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, உங்கள் தருமபுரியில் 68.54, பின்னலாடையால் செழித்த திருப்பூரும் மாநிலச் சராசரிக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. படித்த படிப்புக்குச் சம்பளம் கொடுக்கும் தொழில் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் வீட்டுக்குப் பணம் வரும். உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22இல் நாட்டளவில் 28.4 விழுக்காடாக இருந்தபோது தமிழகத்தில் 47ஐத் தொட்டுவிட்டது. மைத்துனர் படித்த காலத்தில் பட்டத்துக்கு இருந்த மதிப்பு இன்றும் அப்படியே இருக்குமென்று நிலத்தைப் பணயம் வைக்க முடியாது.

உங்கள் மகன் சட்டைப் பையிலிருந்து உடைந்த சொட்டுநீர்ப் பாசனக் குழாயின் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்றை எடுத்து, அதை வார்த்த அச்சின் இரு பாதிகளும் சேரும் கோட்டில்தான் அது பிளந்திருக்கிறது என்று காட்டினான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் கண்டுபிடித்த அந்தக் கோட்டுக்குத் தொழிலில் பார்ட்டிங் லைன் என்று பெயர். அதைப் பாடமாகவே நடத்தும் படிப்பு ஒன்று இருக்கிறது. 1968இல் தொடங்கிய, சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட், பத்தாம் வகுப்புத் தகுதியிலேயே பிளாஸ்டிக் மோல்டு டெக்னாலஜியில், அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளைச் செய்யும் தொழில்நுட்பத்தில், மூன்றாண்டுப் பட்டயம் (டிப்ளமோ) வழங்குகிறது. மோல்டை வரைவது, எஃகைக் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் கடைவது, மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குவரை அளந்து மெருகேற்றுவது, பிறகு அதை, உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தும் ஊசிவார்ப்பு இயந்திரத்தில் பூட்டிப் பொருளை எடுத்துப் பார்ப்பது என்று கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்யும் படிப்பு இது. வாகன, மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூருக்கு உங்கள் ஊரிலிருந்து ராயக்கோட்டை வழியாகவே போய்விடலாம். பொறியியல் பட்டம் வேண்டுமென்று அவனுக்குப் பிறகு தோன்றினால், பட்டயத்தோடு பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது.

நான்காண்டுக் கட்டணத்தோடு விடுதிச் செலவையும் வட்டியையும் கூட்டி, உங்கள் நிலம் ஓராண்டில் கொடுக்கும் லாபத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தக்காளி விலை சரிந்த ஆண்டில் அந்தத் தவணையை மைத்துனர் கட்டப் போவதில்லை. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். முடிவெடுக்கும் முன் மகனைக் கிண்டிக்கு ஒருமுறை அழைத்துச் சென்று பணிமனையைக் காட்டுங்கள், பிறகு அவனையே பேச விடுங்கள்.