ஆர்கோ போன்ற, தரையிலும் தண்ணீரிலும் ஓடும் எட்டுச் சக்கர வண்டியை ஆற்றில் இறக்குவது பாதுகாப்பானதா?

அமைதியான தண்ணீர் என்றால் இறக்கலாம். ஓடுகிற ஆறு என்றால் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கனடாவில் தயாராகும் ஆர்கோ வண்டிகளைத் தண்ணீரில் தள்ளுவது சக்கரங்களின் சுழற்சிதான். வேகம் மணிக்குச் சுமார் 4 கி.மீ., அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் சொச்சம். 50 மீட்டர் அகல ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம் ஆகும். நீரோட்டமும் அதே வேகத்தில் இருந்தால், அக்கரை சேர்வதற்குள் ஆற்றின் போக்கில் 50 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். அங்கே செங்குத்துக் கரையோ சாய்ந்த மரமோ இருந்தால் ஆபத்து. அதனால் ஒரு குச்சியை ஆற்றில் போட்டுப் பாருங்கள். 10 மீட்டரை 20 நொடிக்குள் கடந்தால் நான் இறங்கவே மாட்டேன்.

இறங்கும் முன் அடிப்பகுதியின் வடிகால் மூடிகள் எல்லாம் இறுகியிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் பம்ப்பையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தரையில் ஏற்றும் அளவு பாரத்தைத் தண்ணீரில் ஏற்றக் கூடாது. கையேட்டில் அதற்குத் தனி அளவு இருக்கும். கனமானவை அடியில், நடுவில் இருக்கட்டும். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தாக வேண்டும், சீட் பெல்ட் இருந்தால் கழற்றிவிட வேண்டும். யாரும் எழுந்து நிற்கக் கூடாது.

சரிவான கரையில் நேராக, மெதுவாக இறங்குங்கள். கோணலாக இறங்கினால் ஒரு பக்கம் மட்டும் முதலில் மிதக்கும், வண்டி கவிழப் பார்க்கும். ஏறும்போதும் அப்படியே, நேராக.