கேளுங்க அக்கா: எந்த மேஜர் எடுக்குறது?

இந்த தடவ வந்த தபால்ல முக்காவாசி காலேஜ் அட்மிஷன் சமாச்சாரம்தான். ஆடி பெருக்குக்குள்ள முடிவு பண்ணியாகணும்ங்குற அவசரம் எல்லா லெட்டர்லயும் தெரியுது, அதனால சமையல் குறிப்பு கேட்டவங்க, மாமியார் பிரச்சனை எழுதுனவங்க எல்லாம் ஒரு வாரம் பொறுத்துக்கங்க.

கேள்வி: அக்கா, எனக்கு பிளஸ் டூல பயோ மேத்ஸ். திருவாரூர்ல கவர்மெண்ட் காலேஜ்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் கிடைச்சிருக்கு. தஞ்சாவூர்ல இருக்க மாமா, பிசிக்ஸ் படிச்சா டீச்சர் வேலைய விட்டா வேற கிடையாது, பிரைவேட் காலேஜ்ல பிசிஏ சேருன்னு ஒத்த கால்ல நிக்கிறாங்க. என்ன பண்ண? (ஒரு மாணவி, திருத்துறைப்பூண்டி)

பதில்: மாமா நல்லதுக்குதான் சொல்றாரு கண்ணு, ஆனா ஒண்ண யோசிக்கல. பிசிக்ஸ் முடிச்சுட்டு எம்.சி.ஏ. போகலாம், பிசிஏ முடிச்சுட்டு எம்.எஸ்சி. பிசிக்ஸ் போக முடியாது. எம்.சி.ஏ.வுக்கு பிளஸ் டூலயோ டிகிரிலயோ மேத்ஸ் படிச்சிருக்கணும், உனக்கு அது இருக்கு, டான்செட்ங்குற நுழைவுத் தேர்வ எழுதிட்டு போயிடலாம், முன்ன மாதிரி மூணு வருஷம்கூட இல்ல, இப்ப ரெண்டு வருஷம்தான். இல்ல பிசிக்ஸ்லயே புடிப்பு வந்துடுச்சுன்னா ஜாம்னு ஒரு எக்ஸாம் இருக்கு, அத எழுதி ஐஐடில எம்.எஸ்சி. சேரலாம், அவ்ளோ தூரம் அனுப்ப மாட்டேன்னு வீட்ல சொன்னா உங்க ஊர் பக்கமே நீலக்குடில சென்ட்ரல் யூனிவர்சிட்டி, அதுக்கு க்யூட் பி.ஜி.ங்குற நுழைவுத் தேர்வு எழுதணும். அரசு பள்ளியில ஆறாவதுலேர்ந்து படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா எந்த காலேஜ் போனாலும் வரும், அத வெச்சு முடிவு பண்ணாத.

பிசிஏ மோசம்னு சொல்ல வரல. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து நீயா நாலு புரோகிராம் எழுதி பாத்து, தப்பு வந்தா ராத்திரி தூக்கம் வராம அத தேடுற ஆளா இருந்தா தாராளமா போ. ஸ்கூல் லேப்ல ஈமெயில் ஐடி ஆரம்பிச்சதோட சரின்னா, அந்த பீஸ கட்டுறதுக்கு முன்னாடி மாமாவுக்கு ஒரு டீ வாங்கி குடுத்து இத பூரா சொல்லு.

கேள்வி: மேடம், எனக்கு கோட்டூர் பக்கம் அஞ்சு ஏக்கர் நிலம். பையன் அக்ரி படிக்கணும்ங்கறான், கோயமுத்தூர் யூனிவர்சிட்டி கவுன்சிலிங்ல கிடைக்கல. வெளியில ஒரு பிரைவேட்ல பி.எஸ்சி. அக்ரி சீட்டு தரேங்குறாங்க, நிறைய கேக்குறாங்க. ஒரு வாத்தியார், பாட்டனி சேருங்க, அதுவும் செடி கொடிதானேங்குறாரு. (ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம்)

பதில்: அண்ணே, செடி கொடிதான், ஆனா வேலைக்கு கூப்புடுறவங்க அப்படி பாக்க மாட்டாங்க. பேங்க்ல அக்ரி ஆபீசர்னு, பேங்க் வேலைக்கு பரீட்சை வெக்கிற ஐபிபிஎஸ் வருஷா வருஷம் ஆள் எடுக்குது, அந்த நோட்டிபிகேஷன்ல கல்வித்தகுதின்னு ஒரு பத்தி இருக்கும், அத பையன வாசிக்க சொல்லி நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க. நாலு வருஷ டிகிரி கேப்பான், அக்ரி, ஹார்ட்டிகல்ச்சர், கால்நடை, மீன்வளம், புட் டெக்னாலஜின்னு வரிசையா போட்டிருப்பான், மூணு வருஷ பாட்டனி அதுல இருக்காது. டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் போஸ்டும் பி.எஸ்சி. அக்ரிதான் கேக்குது. நம்ம பக்கம் பஸ் ஸ்டாண்டுலயும் டீக்கடையிலயும் கேட்டு கேட்டுதான் காலேஜ் சேக்குறோம், இந்த ஒரு பத்திய படிச்சிருந்தா எத்தனையோ வீட்ல நகை பேங்குக்கு போயிருக்காது, நான் அந்த பேங்க் கவுண்டர்ல உக்காந்து பாத்தவ, அதனால சொல்றேன்.

பிரைவேட் சீட்டு விஷயத்துல ரெண்டு கேள்வி கேளுங்க. காலேஜ் கோயமுத்தூர் வேளாண் பல்கலையோட இணைஞ்சதா, இல்லாட்டி ஐசிஏஆர்ங்குற இந்திய வேளாண் ஆராய்ச்சி கவுன்சிலோட அங்கீகாரம் இருக்கா. ரெண்டும் இல்லேன்னா நாளைக்கு எம்.எஸ்சி. சேரப் போறப்ப கதவு மூடியிருக்கும். "அப்ளை பண்ணிருக்கோம், வந்துரும்"னு சொன்னா பணத்த மடியிலேர்ந்து எடுக்காதீங்க.

வேற வழியும் இருக்கு. டிப்ளமோ அக்ரி ரெண்டு வருஷம், செலவு கம்மி, உதவி வேளாண்மை அலுவலர் வேலைக்கு அதுவே போதும், உங்க வயலுக்கு வந்து பயிர பாத்துட்டு போறாங்களே அந்த வேலைதான். பையன் மேத்ஸ் குரூப்பா இருந்தா தஞ்சாவூர்ல நிஃப்டெம்னு மத்திய அரசோட உணவு தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, அங்க பி.டெக். புட் டெக்னாலஜி, ஜேஇஇ மெயின் மார்க்க வெச்சு எடுக்குறாங்க. அது ஆரம்பத்துல நெல் பதப்படுத்துற ஆராய்ச்சி மையமாதான் இருந்தது. அறுத்த நெல்லு நனைஞ்சு ஈரப்பதம் 17 சதவீதத்த தாண்டிடுச்சுன்னு கொள்முதல் நிலையத்துல மூட்டைய ஒதுக்கி வெச்சப்ப நீங்க வயித்துல நெருப்ப கட்டிக்கிட்டு தார்ப்பாய் போட்டு காவல் காத்திருப்பீங்க, அந்த பிரச்சனைய படிப்பா படிக்கிற இடம் அது. நாகப்பட்டினத்துல மீன்வள பல்கலைக்கழகம் இருக்கு, நம்ம ஆளுங்க ஏனோ அத எட்டியே பாக்குறதில்ல.

இன்னொண்ணு, பையன ஒரு நாள் ஆடுதுறைக்கு கூட்டிட்டு போங்க. ஆடுதுறை 36, ஆடுதுறை 43 எல்லாம் நீங்க போட்டிருப்பீங்க, அந்த ரகத்தையெல்லாம் உண்டாக்குன ஆராய்ச்சி நிலையம் அது. அக்ரி படிச்சா கடைசியில என்ன வேலைன்னு அவன் கண்ணால பாக்கட்டும். பாத்துட்டு வந்தும் ஆச இருந்தா அடுத்த வருஷ கவுன்சிலிங்குக்கு காத்திருந்தாகூட தப்பில்லேங்குறது என் எண்ணம், உங்க வீட்டு நெலம உங்களுக்குதான் தெரியும்.

கேள்வி: கும்பகோணத்துல பி.ஏ. தமிழ் ரெண்டாவது வருஷம். சொந்தக்காரங்க எல்லாரும் வேற ஒண்ணும் கிடைக்கலையான்னு கேக்குறாங்க. இங்கிலீஷ் மீடியத்துல வேற எதாவது மாறிடலாமான்னு இருக்கு. (பெயர் வேண்டாம்)

பதில்: மாறாதம்மா, அதுவும் இங்கிலீஷ் மீடியம்ங்குறதுக்காக மாறவே மாறாத. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு அரசு வேலையில 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, பி.எஸ்.டி.எம்.னு சொல்வாங்க. 2020ல சட்டத்த திருத்துனதுலேர்ந்து ஒண்ணாங்கிளாஸ்ல ஆரம்பிச்சு அந்த வேலைக்கு கேக்குற படிப்பு வரைக்கும் மொத்தமும் தமிழ் வழியா இருக்கணும். குரூப் 2க்கு டிகிரி கேக்குறாங்க, அப்ப டிகிரியும் தமிழ் வழியில இருந்தாதான் அந்த ஒதுக்கீடு. நீ ஸ்கூலும் தமிழ் மீடியம்னா உன் கையில இருக்கறத நீயே தூக்கி போட்டுட்டு போற மாதிரி ஆயிடும். குரூப் 4க்கு பத்தாவதுதான் தகுதி, அதனால பத்து வரைக்கும் தமிழ் வழின்னாலே போதும். அந்த பரீட்சையில 200 கேள்வில 100 தமிழ், அதுல 40 சதவீதம் எடுக்கலேன்னா மீதி பேப்பர திருத்தவே மாட்டாங்க, மத்த மேஜர் பசங்க எல்லாம் இலக்கணத்துக்கு முழி பிதுங்கி நிக்கிறப்ப நீ தினமும் கிளாஸ்லயே அதத்தான் படிக்கிற. ஸ்கூல்ல போயி பி.எஸ்.டி.எம். சர்டிபிகேட்ட இப்பவே வாங்கி வெச்சுக்க, ஹெச்.எம். மாறிட்டா நாலு தடவ அலைய விடுவாங்க. பி.எட்., டெட்ங்குற ஆசிரியர் தகுதித் தேர்வு எல்லாம் வேணும்னா அப்புறம் பண்ணு, அத மட்டும் நம்பி உக்காராத.

கேள்வி: பி.காம். கடைசி வருஷம், சி.ஏ. பண்ண பவுண்டேஷன்ங்குற மொத பரீட்சை எழுதணுமா? (பட்டுக்கோட்டை)

பதில்: பி.காம்.ல 55 சதவீதம் இருந்தா பவுண்டேஷன் வேண்டாம், நேரா இன்டர்மீடியட். ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பழகுற ஆர்ட்டிகிள்ஷிப் இப்ப ரெண்டு வருஷம்.

கேள்வி: பி.எஸ்சி. மேத்ஸ் பைனல் இயர், ரெண்டு அரியர். எங்க காலேஜுக்கு கேம்பஸ் எதுவும் வரல. இங்கிலீஷ்ல பேச வராது. ராமானுஜமே கும்பகோணம் காலேஜ்ல பெயில் ஆனவர்தானேன்னு மனச தேத்திக்கிறேன். (மயிலாடுதுறை)

பதில்: தேத்திக்கப்பா, ஆனா கதைய முழுசா தெரிஞ்சுகிட்டு தேத்திக்க. அவருக்கு கும்பகோணத்துல ஸ்காலர்ஷிப் போச்சு, அப்புறம் மெட்ராஸ் பச்சையப்பாஸ் போயும் எஃப்.ஏ.ன்னு அந்த காலத்து காலேஜ் பரீட்சை தேறல, கடைசியில 1912ல போர்ட் டிரஸ்ட்ல மாசம் 30 ரூபாய்க்கு கிளார்க்கா உக்காந்தாரு. நோட்டு நோட்டா கணக்கு இருந்துச்சு அவர்கிட்ட, உன்கிட்ட எத்தனை நோட்டு இருக்கு?

பி.எஸ்சி. பசங்கள எடுக்குற ஐ.டி. கம்பெனிங்க மேத்ஸும் எடுக்குறாங்க, ஆனா அங்கயும் ஒரு வரி இருக்கும், நிலுவையில அரியர் இருக்கக்கூடாதுன்னு. அதனால இந்த செமஸ்டர்ல மொத வேல அந்த ரெண்டு பேப்பர். கேம்பஸ் வரலேன்னா கம்பெனி வெப்சைட்ல நீயே அப்ளை பண்ணு, அரசோட நான் முதல்வன் திட்டத்துல உங்க காலேஜுக்கு குடுத்திருக்க கோர்ஸ அட்டென்டன்சுக்காக இல்லாம ஒழுங்கா முடி. இங்கிலீஷ் பெரிய விஷயம் இல்ல, உனக்கு நல்லா தெரிஞ்ச ஒரு கணக்க எடுத்து, இங்கிலீஷ்ல அத தம்பிக்கோ தங்கச்சிக்கோ தினம் பத்து நிமிஷம் சொல்லி குடு, சிரிப்பாங்க, சிரிக்கட்டும், ரெண்டு மாசத்துல இன்டர்வியூல வாய் திறக்கும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்க என்ன மேஜர் அக்கா? (பாபநாசம்)

பதில்: விலங்கியல். எனக்கு வேண்டியது கெமிஸ்ட்ரி, ஆபீஸ்ல சீட்டு முடிஞ்சிருச்சுன்னாங்க, அப்பா அடுத்த பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கையெழுத்து போட்டுட்டாரு. மூணு வருஷம் கரப்பான்பூச்சிய அறுத்தேன், அப்புறம் ஒரு நாள் பேப்பர்ல பேங்க் வேலைக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும்னு போட்டிருந்துச்சு. அப்பாதான் அத படிச்சு காமிச்சாரு.