வாசிகசாலைப் பலகையில் எந்த எண்ணை எழுதுவது?

அளவெட்டிப் பக்கமுள்ள ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளர் எழுதியிருக்கிறார்: "சேர், கொரோனா நேரத்தில் எங்கள் வாசிகசாலை அறிவித்தல் பலகையில் தினமும் தொற்று எண்ணிக்கை எழுதினோம். ஒரே நாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு, பத்திரிகையில் இன்னொரு கணக்கு. கடைசியில் ஆட்கள் எங்களைத்தான் பிழை சொன்னார்கள். இப்போது மாரி வந்தால் டெங்கு, எலிக்காய்ச்சல். திரும்பவும் எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். எந்தத் தரவை எங்கே எடுப்பது, எப்படி வாசிப்பது? தை மாத விளையாட்டுப் போட்டியை வைப்பதா விடுவதா என்று இதை வைத்து முடிவெடுக்கலாமா?"

தம்பி, நீங்கள் எழுதிய இரண்டு கணக்குமே சரியாக இருந்திருக்கக்கூடும். அந்த நாட்களில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் பி.சி.ஆர். செய்யப்பட்ட மாதிரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மட்டும் வந்தவையல்ல. வடக்கின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் வந்தன. மாலையில் வரும் செய்தியில் மொத்தத் தொகை முதலிலும் மாவட்ட விபரம் அதன் கீழும் இருக்கும். வாட்ஸ்அப்பில் முதல் வரி மட்டும் ஓடியது. பத்திரிகை மாவட்டக் கணக்கைப் போட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரோ பொய் சொன்ன மாதிரித்தான் தெரியும். ஆகவே பலகையில் ஒரு எண்ணை எழுத முன் கேட்க வேண்டியது, இது யாரை எண்ணிய எண் என்பது.

அடுத்தது திகதி. இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுந்தார்கள். 2021 நடுப்பகுதியில் ஒரே இரவில் அறிவிக்கப்பட்ட கொவிட் மரணங்கள் எல்லாம் முதல் நாள் நடந்தவை அல்ல. அறிக்கையை முழுக்க வாசித்தால் சில மரணங்கள் பல கிழமைகளுக்கு முந்தியவை என்று அதிலேயே எழுதியிருந்தது. நான் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் இரண்டு வரைபடம் போட்டு வந்தேன். ஒன்று அறிவித்த திகதிப்படி, மற்றது மரணம் நடந்த திகதிப்படி. முதல் வரைபடத்தில் பனை மாதிரி நெட்டாக நின்ற ஒரு தூண், இரண்டாவதில் பல நாட்களுக்குப் பிரிந்து சின்னச் சின்னக் கட்டங்களாகப் போய்விட்டது. நோயின் போக்கைச் சொல்வது இரண்டாவது வரைபடம். ஆனால் அதில் கடைசி இரண்டு மூன்று கிழமைகள் எப்போதும் தணிந்தே தெரியும், ஏனென்றால் அந்த நாட்களின் மரணங்கள் இன்னும் முழுதாக வந்து சேர்ந்திருக்காது. அந்த இறக்கத்தைப் பார்த்து "குறைகிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

நாள் எண்ணை விட்டுவிட்டுக் கிழமை எண்ணுக்கு மாறுங்கள். சனி ஞாயிறில் சோதனை குறையும், திங்கள் செவ்வாயில் ஏறும். ஒரு உதாரணத்துக்கு, திங்கள் முதல் ஞாயிறு வரை 12, 31, 28, 30, 27, 14, 5 என்று வந்தால், ஞாயிற்றுக்கிழமை 5 என்று சந்தோஷப்படவும் செவ்வாய்க்கிழமை 31 என்று பயப்படவும் ஒன்றுமில்லை. கூட்டினால் 147, நாளுக்குச் சராசரி 21. இந்த 147 அடுத்த கிழமை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கிராம மட்டத்தில் இன்னும் கவனம் தேவை. போன கிழமை 2 பேர், இந்தக் கிழமை 4 பேர் என்றால் "நூறு வீத அதிகரிப்பு" என்று தலைப்புப் போடலாம், ஆனால் அது ஒரே வீட்டு இரண்டு பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

சோதனை எண்ணிக்கை கிடைத்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். 1,000 பேரைச் சோதித்து 50 பேருக்குத் தொற்று என்றால் 5 வீதம். அடுத்த கிழமை 200 பேரைச் சோதித்து 30 பேர் என்றால், எண் இறங்கிவிட்டது, வீதம் 15 ஆக ஏறிவிட்டது. வலை சிறிதானதால் மீன் குறைந்திருக்கிறது, கடலில் குறையவில்லை. கட்டுப்பாடுகளைத் தளர்த்த முன் இந்த வீதம் இரண்டு கிழமையாவது 5க்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது இதனால்தான். 2020 டிசெம்பரில் மருதனார்மடம் சந்தையில் ஒரு கொத்தணி, அதாவது ஒன்றோடொன்று தொடர்புள்ள தொற்றுகள், கண்டுபிடிக்கப்பட்ட நேரம் வியாபாரிகளைக் கூட்டமாகச் சோதித்தபோது எண் திடீரென்று உயர்ந்தது. அந்த ஏற்றத்தில் பரவல் எவ்வளவு, தேடலின் பலன் எவ்வளவு என்பதைச் சோதனைத் தொகை இல்லாமல் சொல்ல முடியாது.

சரி, இப்போது டெங்குவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் வருவோம். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்தத் தொற்றுநோய் அறிக்கையை இணையத்தில் போடுகிறது. ஆங்கிலத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம், உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு அட்டவணை. அதில் யாழ்ப்பாணம் தனி வரியாக இருக்கும். ஒவ்வொரு நோய்க்கும் கீழே ஏ (A), பி (B) என்று இரண்டு நிரல். ஏ என்பது அந்தக் கிழமை அறிவிக்கப்பட்டோர், பி என்பது ஆண்டின் தொடக்கத்திலிருந்து சேர்ந்த தொகை. பி நிரலைப் பார்த்து "இந்தக் கிழமை இவ்வளவு பேரா!" என்று முகநூலில் அலறியவர்களை நான் கண்டிருக்கிறேன். வரியின் கடைசியில் டி (T), சி (C) என்ற நிரல்களில் இன்னும் இரண்டு எண்கள் வரும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் அறிக்கைகள் எத்தனை வீதம் நேரத்துக்கு வந்தன, எத்தனை வீதம் மொத்தமாக வந்து சேர்ந்தன என்பது அது. யாரும் பார்ப்பதில்லை, எனக்கோ அதுதான் முதலில் கண்ணில் படும். சி நிரலில் 60 என்று இருந்தால் அந்தக் கிழமை நோய் குறைந்ததாக எழுதக் கூடாது. சில பணிமனைகளின் தாள் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். வைத்தியர் டெங்கு என்று சந்தேகித்தாலே எச் 544 படிவம் நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போக வேண்டும். பொதுச் சுகாதார பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார். பிறகு எச் 399 என்ற வாராந்தத் தாளில் ஏறி கொழும்புக்குப் போகும். காய்ச்சலோடு பார்மசியில் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்தவர் இந்தப் பாதையில் எங்கேயும் இல்லை.

எண் பெரிதா சிறிதா என்பதற்கு உங்கள் மாவட்டத்தின் பழைய எண்தான் அளவுகோல். யாழ்ப்பாணத்தில் டெங்கு வடகீழ்ப் பருவமழையோடு ஏறி மார்கழி, தையில் உச்சத்துக்கு வருவது வழக்கம். ஆகவே தை மாத எண்ணைப் புரட்டாதி எண்ணோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு வருடமும் பேரழிவு போலத்தான் தெரியும். போன ஐந்து வருடத்தின் அதே கிழமைகளோடு ஒப்பிடுங்கள். எலிக்காய்ச்சல் வேறு மாதிரி. வழமையில் இங்கே குறைவாகப் பதிவாகும் நோய் என்பதால் சில எண் கூடினாலே காது கொடுக்க வேண்டும். 2024 டிசெம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, காய்ச்சலோடு பலர் அடுத்தடுத்து இறந்தபோது பெயர் தெரியாத காய்ச்சல் என்றார்கள். பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. கொழும்போடு ஒப்பிட ஆசை வந்தால் சனத்தொகையால் பிரியுங்கள். இங்கே ஏறக்குறைய 6 லட்சம், அங்கே 23 லட்சம். இங்கே 60 பேரும் அங்கே 230 பேரும் ஒரே அளவு.

ஒரு பெருந்தொற்று எவ்வளவு உயிரைக் கொண்டு போனது என்று பிற்பாடு கேட்பவர்களுக்கு நோய்வாரிக் கணக்கு போதாது. பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மொத்த மரணப் பதிவைப் பார்க்க வேண்டும். இலங்கையில் 2020இல் பதிவான மொத்த மரணங்கள் 2019ஐ விடக் குறைவு. 2021இல், டெல்டா என்ற கொரோனாத் திரிபு வந்த ஆண்டில், அது மேலே போனது. உலக அளவில் அந்த இரண்டு ஆண்டுகளிலும் கொவிட் மரணம் என்று பதிவானவை சுமார் 5.4 மில்லியன். வழமையைவிடக் கூடுதலாக நடந்த மரணங்கள் 14.9 மில்லியன் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்தது. எண்ணப்படாமல் போன அந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

பலகையில் இடத்தின் பெயரோ வீட்டின் பெயரோ வேண்டாம். 2020 மார்ச்சில் யாழ்ப்பாணத்து அரியாலையின் பெயர் தொற்றோடு அடிபட்டபோது, அரியாலை ஆள் என்றாலே கடையில் தள்ளி நின்றவர்களைப் பார்த்தேன். மாவட்ட எண், எந்தக் கிழமைக்குரியது, எங்கே எடுத்தது, இவ்வளவும் போதும். பிறகு திருத்தம் வந்தால் பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு வெட்டிப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். அப்போது ஆட்கள் உங்களைப் பிழை சொல்ல மாட்டார்கள்.

விளையாட்டுப் போட்டியை இந்தத் தாளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். அறிக்கை இணையத்தில் வரும்போது அதிலுள்ள கிழமை முடிந்து போயிருக்கும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகருக்கு நேற்று எந்த ஒழுங்கையில் யாருக்குக் காய்ச்சல் என்பது தெரியும். போட்டிக்குப் பத்து நாளுக்கு முன் அவரைப் போய்ச் சந்தியுங்கள், மைதானத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் இடங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். போகும்போது எண்கள் எழுதிய கொப்பியையும் எடுத்துப் போங்கள்.