அப்பாவை வகுப்புக்குக் கூட்டிப் போங்கள்

கேள்வி: மதுரையில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நான். நிலைத்த வளர்ச்சி பாடத்தை இந்த ஆண்டு என் தலையில் கட்டிவிட்டார்கள். பாஸானால் போதும் என்று மாணவர்கள் போனை நோண்டுகிறார்கள். எனக்கே பிடிப்பு இல்லை. வீட்டிலும் தயாரிக்க முடியவில்லை. மேலூர்ப் பக்கம் கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்த அப்பா இப்போது எங்களோடு இருக்கிறார். ஓயாமல் பழங்கதை பேசுவார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் நோட்ஸ் எடுக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: மாணவர்களை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கதவை எதற்குச் சாத்தினீர்கள், தம்பி?

சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. 2015-ல் ஐ.நா. நிலைத்த வளர்ச்சிக்கு 17 இலக்குகளை வகுத்தது. இதெல்லாம் உங்கள் நோட்ஸில் இருக்கும், பையன்களும் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்வார்கள். வருகிற தலைமுறைக்கும் மிச்சம் வைத்துப் பிழைப்பது என்று 1987-ல் ஐ.நா. ஆணையத்தின் பிரண்ட்லண்ட் அறிக்கை சொன்னதை ஆயுசு முழுக்கச் செய்து பார்த்த மனிதர் உங்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்.

நீர்பாய்ச்சி என்றால் சும்மா மடையைத் திறந்து மூடுகிற ஆளா? கண்மாயில் தண்ணீர் குறைந்தால் யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைக்க வேண்டும். தலைமடைக்காரர் எவ்வளவு பெரிய புள்ளியானாலும் முறை முடிந்ததும் அவர் வாய்க்காலை அடைத்தாக வேண்டும், கடைமடையில் பயிர் காயக் கூடாது. கண்மாய் நிரம்பி, உபரி வழிகிற கலுங்கைத் தாண்டிய தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு. இத்தனைக்கும் கூலி, அறுவடையில் களத்தில் அளந்து போடுகிற நெல். ராத்திரியில் மண்வெட்டியோடு வரப்பில் நின்றுதான் உங்களை ஆளாக்கியிருப்பார். அது பழங்கதையா?

பெற்றவர் பேச்சு பாரமாக இருக்கிறவர் வருங்காலத் தலைமுறையைப் பற்றிப் பாடம் எடுப்பது எனக்குச் சகிக்கவில்லை. கோபித்துக்கொண்டாலும் சரி.

துறைத் தலைவரிடம் ஒரு நாள் அனுமதி கேளுங்கள். மாணவர்களை அப்பா பார்த்த கண்மாய்க்கே கூட்டிப் போங்கள். மடை எது, கலுங்கு எது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டது என்று அவர் காட்டட்டும். நீங்கள் பேசாதீர்கள். நேரமிருந்தால் அரிட்டாபட்டிக்கும் போகலாம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் அது. அந்தப் பகுதியையும் சேர்த்து விட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டாரமே திரண்டதில், 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. அந்தக் கூட்டத்தில் உங்கள் மாணவர்களின் அத்தையோ சித்தப்பாவோ நின்றிருக்கலாம், விசாரியுங்கள்.

அப்பாவைக் காலேஜ் பஸ்ஸில் ஏற்றி அலைக்கழிக்காதீர்கள். ஒரு கார் வையுங்கள்.