தீத்தி வளர்த்த கிளி: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன கிழமை மகளுடன் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போயிருந்தேன். பஞ்சவர்ணக்கிளி கையில் வந்து இருக்காதா என்று கேட்டு அவள் அழுதே விட்டாள். குஞ்சிலேயே பிரித்தெடுத்து மனிதர் கையால் தீத்தி வளர்த்தால் எல்லாக் கிளியும் பழகிவிடும்தானே? மிருகக்காட்சிச்சாலைகள் ஏன் எல்லாக் குஞ்சுகளையும் அப்படி வளர்ப்பதில்லை? தாய்க்கிளி குஞ்சை மிதித்துக் கொன்றுவிடும், பிரிப்பதுதான் பாதுகாப்பு என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அவரே மூன்று கிழமை வயதான, சன் கொன்யூர் என்ற சின்னக் கிளியின் குஞ்சு ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும் சொல்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் தீத்த வேண்டும்? திரிபோஷா கொடுக்கலாமா? இந்த இனம் நன்றாகக் கதைக்குமா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

கையால் வளர்த்த குஞ்சுகள் பெரிதானபின் என்ன ஆகின்றன என்பதுதான் கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் நேரே அந்த இடத்தைத் தொட்டுவிட்டது. சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

சன் கொன்யூர் உரக்கக் கத்தும். ஒன்றிரண்டு சொல் பழகலாம், அதை நம்பி வாங்காதீர்கள். திரிபோஷா கூடவே கூடாது. அதில் பால்மா இருக்கிறது, பாலிலுள்ள வெல்லம் பறவைக்குச் செமிக்காது. கிளிக்குஞ்சுக்கென்றே தயாரித்த மாவைத் தவிர வேறெதையும் கரைக்க வேண்டாம். கொழும்பின் ஈரக் காற்றில் அந்த மாவும் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். சின்னப் பைக்கற்றாக வாங்கி, காற்றுப் புகாமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கரைத்து மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

எத்தனை தரம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பொரித்த முதல் நாட்களில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும். மூன்று கிழமையில் நான்கு ஐந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு வேளைக்கு உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கிராம் குஞ்சுக்கு 6 மில்லிலீற்றர். இதைப் படித்துவிட்டு மணிக்கூட்டை மட்டும் பார்த்துத் தீத்துகிறவர்கள்தான் குஞ்சைச் சாகக் கொடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது தீனிப்பையை. கழுத்தடியில், நெஞ்சுக்குச் சற்று மேலே, மெல்லிய தோலுக்கூடாக உள்ளே இருக்கும் மா தெரிகிற பை அது. முந்திய வேளை உணவு அனேகமாக வடிந்தபின்தான் அடுத்த வேளை. நாளில் ஒருமுறையாவது, வழக்கமாக விடியற்காலையில், அது முற்றாக வெறுமையாக வேண்டும். குஞ்சை நிறுக்க வேண்டியதும் அப்போதுதான், கிராம் கணக்கில் காட்டும் தராசில். வளரும் வயதில் நேற்றையதைவிட இன்று நிறை குறைந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். பறக்கத் தொடங்கும் பருவத்தில் சற்று மெலிவது மட்டும் இயல்பு.

வடியவில்லை என்றால் மா ஆறியிருக்கும், குஞ்சை வைத்திருக்கும் பெட்டி குளிர்ந்திருக்கும், கரைசல் தடித்திருக்கும், அளவு மீறி நிரப்பிப் பை தொய்ந்திருக்கும், அல்லது கன்டிடா என்ற பங்கசு பிடித்திருக்கும். பழையதன் மேல் புதியதை ஊற்றினால் எல்லாம் சேர்ந்து புளிக்கும். குஞ்சின் வாயை மணந்தாலே தெரியும்.

மாவின் சூடு 39 முதல் 41 பாகை செல்சியஸ். 38க்குக் கீழே போனால் குஞ்சு மறுக்கும், பையும் மந்தமாகும். 43ஐத் தாண்டினால் பையின் சுவர் வெந்துவிடும். வெந்தது அன்றைக்குத் தெரியாது. குஞ்சு வழக்கம்போலச் சாப்பிடும். பல நாள் கழித்துக் கழுத்தடித் தோலில் கறுத்த பொருக்கு ஒன்று தெரியும். பொருக்கு விழுந்ததும் தீத்திய மா அந்த ஓட்டையால் வெளியே வழிந்து நெஞ்சுத் தூவியில் காயும். பிறகு வெட்டித் தைக்க வேண்டியதுதான். மைக்றோவேவில் சூடாக்கினால் ஒரு பக்கம் இளஞ்சூடாகவும் நடுவில் கொதியாகவும் இருக்கும், இந்தக் காயம் அதிகம் வருவது அதனால்தான். மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்ப்பது போதாது. நன்றாகக் கலக்கி வெப்பமானியை உள்ளே விட்டுப் பாருங்கள். கோப்பையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டே தீத்துங்கள்.

பறவைக்குக் குரல்வளை மூடி கிடையாது. நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னால் மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது, உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கமாக இறங்குகிறது. ஆகவே சிரிஞ்சின் முனையைக் குஞ்சின் இடது வாயோரத்தில் வைத்து, வலது பின்பக்கம் நோக்கிச் செலுத்த வேண்டும். அதுவும் குஞ்சு தலையை விடுவிடென்று மேலும் கீழும் ஆட்டி வாங்கும்போது மட்டும். ஆட்டம் நின்றால் உங்கள் பெருவிரலும் நிற்க வேண்டும். கத்திக்கொண்டிருக்கும் வாய்க்குள் ஊற்றினால் மா நுரையீரலுக்குப் போகும், நியூமோனியா வரும்.

பெட்டிக்குள், பொரித்த குஞ்சுக்கு 35 பாகையளவு, சிறகு முளை விட்ட குஞ்சுக்கு 29, 30. கீழே வழுக்கும் கடதாசி விரித்தால் கால்கள் இரு பக்கமும் விரிந்து முடமாகிவிடும், துவாய் விரியுங்கள். கரண்ட் போனால் துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல் வேண்டும். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய ஊர் இது, அதை மறந்துவிட்டுக் குஞ்சு வாங்கக்கூடாது.

இவற்றையெல்லாம் பொறுமை உள்ள ஒருவர் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒரு பிழையும் விடாமல் இவ்வளவையும் செய்து முடித்தாலும் கையால் வளர்த்த குஞ்சிடம் ஒரு குறை மிஞ்சுகிறது. நீங்கள் கேட்காத அதைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

அந்தக் குஞ்சு தன்னைக் கிளி என்று அறியாமல் வளர்கிறது.

1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள், கையால் வளர்ந்த கொக்கட்டீல் என்ற சின்னக் கிளிகளையும் தாய் தந்தையிடம் வளர்ந்தவற்றையும் சோடி சேர்த்து ஒப்பிட்டு எழுதினார்கள். கையால் வளர்ந்த ஆண் பறவைகள் இருந்த சோடிகளில் கருக்கட்டிய முட்டை அரிது. கையால் வளர்ந்த பெட்டைகள் முட்டை இட்டன, ஆனால் பலவற்றைக் கூட்டுப்பெட்டியை விட்டுவிட்டுத் தரையில் இட்டன. நிறையிலும் இறகிலும் குறை இல்லாத பறவைகள்தான். கூடு எதற்கு, துணை யார் என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியவில்லை.

டெக்ஸ் என்ற வூப்பிங் கொக்கையும் சொல்ல வேண்டும். 1967இல் அமெரிக்காவின் சான் அன்ரோனியோ மிருகக்காட்சிச்சாலையில் பொரித்தது, மனிதர் கையில் வளர்ந்தது. உலகில் மிகக் குறைவாக எஞ்சியிருந்த இனம், ஒவ்வொரு பெட்டையும் பொன். ஆனால் டெக்ஸ் தன் இனத்து ஆணைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கு மனிதர்தான் துணை. 1976இலிருந்து ஜோர்ஜ் ஆர்ச்சிபால்ட் என்ற கொக்கு ஆய்வாளர் அதன் முன்னால் கொக்கைப் போலக் குதித்து நடனமாடி, அதை இனப்பெருக்கத்துக்குத் தூண்டி, செயற்கைமுறையில் கருக்கட்ட வைத்தார். குஞ்சாகி நிலைத்த முட்டை 1982இல்தான் கிடைத்தது. ஒருவரின் அத்தனை வருட உழைப்பும், குஞ்சுப் பருவத்தில் நடந்ததைச் சரிசெய்யப் போனது.

அதனால்தான் அமெரிக்காவின் சன்டியாகோ மிருகக்காட்சிச்சாலையில் கலிபோர்னியா கொண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகின் குஞ்சுகளை 1983இலிருந்து கொண்டோர்த் தலை வடிவக் கையுறைப் பொம்மையால் தீத்தினார்கள். மனித முகம் தெரியக்கூடாது, குரல் கேட்கக்கூடாது. பிறகு அதுவும் போதவில்லை. பொம்மையோடு மட்டும் வளர்ந்தவற்றுக்குக் கொண்டோராக நடக்கத் தெரியவில்லை, வளர்ந்த பறவைகளோடு சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. சோறு எந்தக் கையாலும் ஊட்டலாம் தம்பி, இனத்தின் பழக்கவழக்கத்தை இனத்தைத் தவிர யாரும் கற்பிக்க முடியாது.

தாய்க்கிளி மிதித்துவிடும் என்றவர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். சில சோடி குஞ்சைக் கொத்தும், சில கைவிடும். பஞ்சவர்ணக்கிளிக் கூட்டில் முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை, கடைசியாகப் பொரித்த குஞ்சு மூத்தவற்றோடு போட்டி போட முடியாமல் பட்டினி கிடக்கும். நல்ல மிருகக்காட்சிச்சாலை குஞ்சைக் கையில் எடுப்பது இப்படியான நேரத்தில்தான். எடுத்தாலும் தனியே விடாது. உடன்பிறந்ததோடு, இல்லையென்றால் ஒத்த வயதுக் குஞ்சோடு ஒரே பெட்டியில் வைக்கும். வளர்ந்த கிளிகளின் சத்தம் கேட்கும் தூரத்தில் வைக்கும். தானாகச் சாப்பிடத் தொடங்கியதும் கூட்டத்தில் சேர்க்கும். பார்வையாளர் கையில் வந்து இருக்க வேண்டும் என்பதற்காக எல்லாக் குஞ்சையும் பிரிக்கச் சொல்கிறீர்களே, பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நீங்கள் அதை எப்படி நினைத்தீர்கள்?

பழகுவதற்குப் பிரிக்கத் தேவையும் இல்லை. அதே டேவிஸ் வளாகத்தில் அமேசன் கிளிக் குஞ்சுகளைத் தாய் தந்தையிடமே விட்டு, கூட்டிலிருந்து நாளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்துக் கையில் வைத்திருந்து திரும்ப விட்டுப் பார்த்தார்கள். 1999இல் வெளியிட்டார்கள். அந்தக் குஞ்சுகள் மனிதரிடம் நன்றாகவே பழகின.

இனி அந்தச் சன் கொன்யூர். குறைந்த விலை ஏன் என்று கேட்டீர்களா? அது தானாகச் சாப்பிட எட்டு முதல் பத்துக் கிழமை ஆகும். மிச்சமிருக்கும் ஐந்து முதல் ஏழு கிழமை வேலையையும் ஆபத்தையும் அவர் உங்கள் தலையில் கட்டுகிறார். தானாகச் சாப்பிடப் பழகாத குஞ்சை விற்பது பிழை, வாங்குவதும் பிழை. தென்னமெரிக்காவில் அருகிவரும் இனம் அது, இங்கே மலிவாகக் கிடைப்பதால் அதன் உயிர் மலிவாகிவிடாது.

மகளுக்குக் கிளி வேண்டுமென்றால் விற்பவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: குஞ்சு தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருக்கட்டும், மகள் கிழமைக்கு இரண்டு தரம் வந்து கையில் வைத்திருப்பாள். யாரும் தீத்தாமல் இரண்டு கிழமை தானாகச் சாப்பிட்டு நிறை குறையாமல் இருந்தபின் எடுக்கிறோம். எடுக்கும் நாளில் நெஞ்செலும்பைத் தடவுங்கள். கத்தி விளிம்பைப் போலக் கூராகத் தட்டுப்பட்டால் விட்டுவிட்டு வாருங்கள். முடிந்தால் இரண்டாக எடுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அவரிடம் வாங்காதீர்கள்.